ஏசுவடியாள் எழுதின ஒரே வசனம்

உள்ளிய உரிங்க, கை நிக்க வேண்டாம். நாளைக்குக் கோயில் அசன விருந்துக்கு எட்டு அண்டா குழம்பு வைக்கணும். உரிச்சுக்கிட்டே கேளுங்க. கண்ணுல தண்ணி வந்தா உள்ளியாலன்னு வச்சிக்கிடுங்க. கதையாலன்னு வச்சிக்கிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

முன்ன ஒரு காலத்துல, நம்ம பெத்தானியாவிளையில, இந்தக் கோயிலு ஓலைக் கூரையா இருந்த நாளையில, ஏசுவடியாள்னு ஒரு பொம்பள இருந்தாளாம். அவ மாப்பிள கோயில்குட்டியாரு, அதாவது மணியடிச்சு, பெருக்கி, விளக்குப் போடுத வேலை. அவரு காலராவுல போய்ட்டாரு. போனபெறகு மணிக்கயிறு இவ கைக்கு வந்துது. கிருபைன்னு ஒரே மக. வேற ஆதரவு கிடையாது.

ஆனா அவளுக்கு எழுத்து வரும். சின்னதுல மிஷன் விடுதியில படிச்சவ. எழுத்தாணியப் பிடிச்சான்னா ஓலையில எறும்பு ஊருத மாதிரி வரி போவுமாம். அதனால ஜனவரி வருசப்பிறப்புக்கு வாக்குத்தத்த ஓலை எழுதுத வேலையும் அவளுக்குத்தான்.

இப்ப நாம அச்சடிச்ச கலர் அட்டை எடுக்கோம்லா? அன்னைக்கு ஓலை. வீட்டுக்கு ஒண்ணு, நாப்பத்திமூணு வீட்டுக்கு நாப்பத்திமூணு ஓலை. ஒவ்வொண்ணுலயும் வேதத்துல உள்ள ஒரு ஆசீர்வாத வார்த்தை. ஓலைக் கொட்டான்ல போட்டு பீடத்துக்கு முன்ன வைப்பாவ. வீட்டுக்காரன் போய் கண்ண மூடி ஒண்ணு எடுக்கணும். எடுத்துச் சத்தமா வாசிக்கணும். அப்புறம் வீட்டு வாசல் நிலையில கட்டித் தொங்கவிடணும். வருசம் பூரா அது அங்க கெடக்கணும். கிழிக்கப்படாது, எரிக்கப்படாது. வேத வசனம்லா.

இப்ப கிணத்துக் கதைக்கு வாரேன்.

நம்ம ஊரு நல்லதண்ணிக் கிணறு இருக்கே, அது நாம மட்டும் வெட்டினது இல்ல, பாத்துக்கிடுங்க. தெக்குக் குடியிருப்பு ஆளுவளும் நம்ம ஆளுவளும் சேந்து வெட்டினது. பாறைய ஒடைச்சது அவிய, மண்ணு சொமந்தது நாம. அப்படித்தான் சொல்லுதாவ. தண்ணி வந்த அன்னைக்கு ரெண்டு ஊரும் ஒண்ணா நின்னு குடிச்சுதாம்.

அதுக்கப்புறம் நம்ம ஊரு கொஞ்சம் நிமுந்துச்சு. கருப்பட்டி கப்பலேறிச்சு. ஓட்டு வீடு வந்துது, கால்ல செருப்பு வந்துது, செருப்போட கூட கொஞ்சம் மண்டக்கனமும் வந்துது. அப்ப பாத்து தாது வருசப் பஞ்சம் வந்துது. மழ இல்ல. கிணத்துல தண்ணி கீழ போச்சு. சபை மூப்பரு எலியாசருன்னு ஒருத்தரு, அவரு சொன்னா ஊருல மறுபேச்சு கிடையாது. அவரு கிணத்தச் சுத்தி சுவர் எடுத்தாரு. பனஞ்சட்டத்துல கதவு போட்டாரு. கதவுக்கு ஒரு பூட்டு, பூசணிக்கா தண்டிக்கு. சாவிய ஏசுவடியாள் கையில குடுத்தாரு.

"காலையில மணியடிச்சதும் நீ தொறக்கணும். நம்ம சபையார் கோரிக்கிட்டதும் பூட்டணும். தெக்க உள்ளவிய வந்தா இல்லன்னு சொல்லிரு."

"மூப்பரே, அவியளும் சேந்துல்லா வெட்டினாவ?"

"வெட்டினதுக்குக் கூலி வாங்கியாச்சு. நம்ம பிள்ளையள முதல்ல பாக்கணும். நீ கிருபையப் பத்தி யோசி."

அதுல ஒரு கொக்கி இருக்கு. கிருபைய மூப்பர் மகனுக்குப் பேசி வச்சிருந்துது. தை மாசம் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அப்பேர்ப்பட்ட எடம் சும்மா வருமா? ஏசுவடியாள் சாவிய வாங்கி இடுப்புல சொருவிக்கிட்டா.

மார்கழியில ஒருநாள் தெக்க இருந்து பேச்சின்னு ஒருத்தி வந்தா. இடுப்புல பிள்ள. பிள்ளைக்குக் காய்ச்சல், ஒதடு வெடிச்சுக் கெடக்கு.

"எக்கா, ஒரு செம்பு. எனக்கு வேண்டாம், இதுக்கு மட்டும். எங்க ஊத்துல உப்புத்தண்ணி. குடிச்சா கக்குது."

ஏசுவடியாள் சுத்திப் பாத்தா. ஒரு ஆளு கிடையாது. தொறந்து ஒரு செம்பு குடுத்திருக்கலாம். ஆனா பாருங்க, யாரும் பாக்கலன்னு ஒரு மனசு சொல்லுது, மக கல்யாணம்னு இன்னொரு மனசு சொல்லுது. சாவிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"என் கையில ஒண்ணும் இல்ல தாயி. மூப்பரக் கேளு."

மூணாம் நாளு அந்தப் பிள்ள செத்துப்போச்சு.

உள்ளிய உரிங்க. ஏன் நிப்பாட்டிட்டிய?

அன்னையில இருந்து ஏசுவடியாளுக்குச் சோறு எறங்கலயாம். வேதத்த எடுத்து வச்சா எசேக்கியேல் தீர்க்கதரிசிதான் வருதாம். காவக்காரன் பட்டயம் வாரதப் பாத்தும் எக்காளம் ஊதலன்னா, செத்தவன் ரத்தத்துக்கு அவந்தான் பொறுப்புன்னு சொல்லியிருக்குல்லா? அத வாசிச்சா தன் இடுப்புச் சாவியத் தொட்டுப் பாப்பாளாம். அங்க இருந்து முன்பக்கமாப் புரட்டினா சோதோம் வருது. சோதோம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஏதோ அசிங்கம் பண்ணினானுவ, அக்கினி விழுந்துது, நமக்கென்னன்னு போயிருவோம். ஆனா தீர்க்கதரிசி என்ன சொல்லுதாரு? அந்த ஊருக்கு மேட்டிமை இருந்துதாம். வயிறு நெறஞ்ச சாப்பாடு இருந்துதாம். கவலயில்லாத சொகம் இருந்துதாம். இல்லாதவன் கையப் பிடிச்சுத் தூக்கிவிடத்தான் மனசு இல்லயாம். அதான் அதோட பாவம்.

ஏசுவடியாள் எழுத்தாணிய எடுத்தா. வருசப்பிறப்புக்கு நாலு நாள்தான் இருக்கு. எழுதினா, எழுதினா, நாப்பத்திமூணு ஓலையும் எழுதினா. நாப்பத்திமூணுலயும் ஒரே வசனம். அந்தச் சோதோம் வசனம்.

கிருபை எட்டிப் பாத்துட்டா. "என்னம்மா இது, ஒண்ணையே எழுதிருக்க?"

"ஒண்ணுதான் மக்ளே இந்த வருசம் நமக்கு."

"எனக்குக் கல்யாணம்மா."

"தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு பேரும் அழுதாவளாம்.

வருசப்பிறப்பு காலையில கோயிலு நெறஞ்சு வழியுது. புதுச்சேலை, புதுவேட்டி. மூப்பரு முதல்ல போனாரு. கண்ண மூடி ஒரு ஓலைய எடுத்தாரு. பாத்தாரு. மொகம் மாறிச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. மூப்பரு தொண்டையச் செருமிக்கிட்டு, "ஒன் களஞ்சியத்த நெறய வைப்பேன்னு கர்த்தர் சொல்லுதாரு" அப்படின்னாரு. சபை ஆமென்னு சொல்லிச்சு.

ரெண்டாவது ஆளு போனான். எடுத்தான், பாத்தான், வேர்த்தான். "ஒன் எல்லையெல்லாம் பெருகும்" அப்படின்னான். ஆமென். மூணாவது ஆளு போனான். எடுத்தான், பாத்தான், வேர்த்தான். "ஒன் சந்ததி தழைக்கும்." ஆமென்.

வாசிக்கத் தெரியாதவியளுக்குச் சபை நடத்துத உபதேசியாரு வாசிச்சுச் சொல்லணும். முதல் ஓலையப் பாத்தாரு. ரெண்டாவதப் பாத்தாரு. மூணாவதுல அவருக்கு வெளங்கிப் போச்சு. வெளங்கியும் என்ன செஞ்சாரு? அவரும் தேனா ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்புதாரு. மத்தவிய ஒவ்வொருத்தனும் என்ன நெனச்சிருக்கான்? ஊருக்கெல்லாம் ஆசீர்வாதம், எனக்கு மட்டும் இது விழுந்துட்டேன்னு நெனச்சிருக்கான். ஓலைய மடியில ஒளிக்கான்.

ஏசுவடியாள் மணிக்கயித்துக்குப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம். நாப்பத்திரெண்டு பொய்யி. பீடத்துக்கு முன்னால, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. அதக் கேட்டபோதுதான் அவளுக்குப் பயமே வந்துதுன்னு சொல்லுதாவ. எழுதும்போது கூட வரலயாம்.

கடைசி ஓலை கோயில்குட்டி வீட்டுக்கு. அவ போனா, எடுத்தா, உள்ளபடி வாசிச்சா. சோதோம், மேட்டிமை, சாப்பாடு, சொகம், இல்லாதவன் கை. ஒரு எழுத்துக் கூட விடல.

ஆமென் வரல. ஒவ்வொருத்தனும் மடியத் தடவுதான். பக்கத்து ஆளப் பாக்கான். அவனும் மடியத் தடவுதான்.

மூப்பரு எழும்பினாரு. "யாரு எழுதினா இத?"

"நாந்தான்."

"ஏட்டி, இது வாக்குத்தத்தமா? நல்ல நாளும் அதுவுமா சாபத்தக் கொண்டு வந்து வாசிக்கியா?"

"சாபம் இல்ல மூப்பரே. வாரத முன்கூட்டிச் சொல்லுததுதான். ஒங்களுக்கு மட்டும் எழுதல. பேச்சி பிள்ளைக்குத் தண்ணி இல்லன்னு சொன்னது என் வாயி. எனக்குந்தான் எழுதினேன்."

"கல்யாணம் இதோட முடிஞ்சுது" அப்படின்னாரு மூப்பரு.

ஏசுவடியாள் சாவிய இடுப்புல இருந்து உருவினா. நேரா வெளிய நடந்தா. கிணத்துக்குப் போனா. பூட்டத் தொறந்தா. பூட்டையும் சாவியையும் ஒண்ணாக் கிணத்துக்குள்ள போட்டா. தொபீர்னு சத்தம் கோயிலுக்குள்ள கேட்டுதாம்.

"போட்டா போட்டுட்டுப் போறா. டவுன்ல பூட்டா இல்ல?" மூப்பரு அன்னைக்கே வில்வண்டி கட்டிட்டாரு.

ஆனா ஊருக்குள்ள வேற சங்கடம். அந்த ஓலைய என்ன செய்யதது? நிலையில கட்டினா வாரவன் போறவன் வாசிப்பான். எரிக்கப்படாது, கிழிக்கப்படாது. வீட்டுக்குள்ள வச்சா தூக்கம் வரலயாம். யாரு முதல்ல செஞ்சாவன்னு தெரியல, ஒரு ஓலை கிணத்துக் கதவுல தொங்கிச்சு. அடுத்தாப்புல பத்து. அப்புறம் இருவது. மூப்பரு புதுப்பூட்டோட திரும்பி வரும்போது கதவுச் சட்டமே தெரியாம ஓலை தொங்குது. பூட்டணும்னா அத ஒதுக்கணும். ஒதுக்கணும்னா ஒவ்வொண்ணா வாசிக்கணும்.

வாசிச்சாராம். அப்புறம் பூட்டக் கையிலயே பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டாராம். மனந்திரும்பினாரா, வெக்கப்பட்டாரா, யாருக்குத் தெரியும்? அவரு ஓலை மட்டும் அந்தக் கதவுக்கு வரவே இல்ல.

தெக்குக் குடியிருப்பு ஆளுவ மறுநாளே தண்ணிக்கு வந்துட்டாவ. பேச்சி மட்டும் வரல. சாவுத வரைக்கும் அந்தக் கிணத்துத் தண்ணிய அவ வாயில வைக்கலயாம். ஏசுவடியாள் தெனமும் ஒரு குடம் கொண்டுபோய் அவ வாசல்ல வைப்பாளாம். சாயங்காலம் குடம் அப்படியே இருக்குமாம். மறுநாளும் கொண்டுபோய் வைப்பாளாம். கிருபைக்குக் கல்யாணமே நடக்கல. ஆத்தா போனபெறகு அந்தக் குடத்த அவ சொமந்தா. அப்படித்தான் சொல்லுதாவ.

அதான் நம்ம கிணத்துக்கு இன்னைக்கும் நிலை உண்டு, கதவு கிடையாது. அதான் எத்தன கலர் அட்டை அச்சடிச்சாலும் வருசப்பிறப்புப் பெட்டியில ஒரே ஒரு பனையோலை கெடக்கு. அது யாரு கைக்கு வருதோ அவிய சபைக்கு முன்ன அந்த வசனத்த வாசிக்கணும். வாசிச்சிட்டு வெளிய வந்து, முதல்ல பாக்குத அசலூர்க்காரனுக்குக் கிணத்துல ஒரு குடம் கோரிக் குடுக்கணும்.

இந்த வருசம் அந்த ஓலைய யாரும் வாசிக்கல. கவனிச்சியளா? பெட்டியில போட்டுது நெசம். பெட்டி காலியானதும் நெசம். எல்லா வீடும் ஆசீர்வாதமா வாசிச்சுது, நாம எல்லாரும் ஆமென் சொன்னோம்.

எடுத்தது நாந்தான். பாத்தேன், வேர்த்தேன், "ஒன் வாசல்கள் செழிக்கும்"னு வாயில வந்தத சொன்னேன். எலியாசர் மூப்பரு எனக்கு நாலாந் தலமொறைப் பாட்டன், தெரியும்லா. ஓலை என் சட்டைப்பையிலதான் கெடக்கு, ஆறு மாசமா.

கிணத்துல இப்ப யாரு கோருதா? தண்ணியெல்லாம் கோயிலு டேங்குலல்லா. தெக்க செங்கச்சூளையில வேலை பாக்குத வடக்கத்திப் பிள்ளையள் குடத்தத் தூக்கிட்டு வருதுவ, டேங்கு கேட்டப் பூட்டணும்னு போன சபைக் கமிட்டியில நாம கைதூக்கினோம். முதல்ல தூக்கினது என் கை.

உள்ளி போதும், கத்திய வைங்க. ஒருத்தரு எங்கூட எந்திரிங்க. டேங்குச் சாவி என் இடுப்புலதான் இருக்கு. தனியாப் போக எனக்குத் தைரியம் பத்தல.