சாம்பல் படாத ரத்தம்

எண்ணூரிலிருந்து வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கும் பெண்கள் இருவர். மூத்தவள் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, "என் ரத்தம் மட்டும் போதாதாம்டி" என்றாள்.

"ஆராய்ச்சின்னு வந்தாங்களே, அவங்களா? இன்னும் இன்னா வோணுமாம்?"

"கரண்டு கம்பெனி சாம்பலு மூச்சுல போனா ரத்தம் இன்னா ஆவுதுன்னு பாக்குறாங்க. என்கிட்ட எட்த்தத மீனாட்டம் ஐஸ் பொட்டியில வெச்சிக்கினாங்க. அத்தோட ஒத்துப் பாக்க, சாம்பலே படாத ஆளு ஒண்ணு வோணுமாம். ஆனா நம்ம குப்பத்து ஆளாவும் இருக்கணுமாம்."

"நம்ம குப்பத்துலயா? துணி காயப் போட்டாலே சாம்பலு பூசிக்குது."

"நானும் அதத்தான் சொன்னேன்."

பேருந்து திருவொற்றியூரைத் தாண்டியதும் இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, உன் தம்பி கீறானே."

"அவன் புழல் ஜெயில்ல கீறான்டி."

"அதத்தான் சொல்றேன். மூணு வருஷமா அங்கதான மூச்சு வுட்டுக்கினு கீறான்."

மூத்தவள் யோசித்தாள். "அவனுக்கு ஜாமீன் கெடச்சிட்ச்சிடி. நாளைக்கு வூட்டுக்கு வரான்."

"வர்றதுக்குள்ள எட்த்துக்கச் சொல்லு."