நுகத்தடிக்கு அடியில் போனவன்

இந்த ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போடுகிறவர் யாராக இருந்தாலும், அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடாதீர்கள் ஐயா. டீ விஷயத்தில் நான் சொன்னால் நம்பலாம். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் ஆபீசர் மெஸ்ஸில் சமையல்காரனாக இருந்தவன். அம்பாலாவில் நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு ஒரு பிரிகேடியர் தன் பெண்டாட்டியோடு ஒரு வாரம் பேசவில்லை. இத்தனை வருடம் அவள் என்னத்தைக் கொடுத்தாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

பெயர் தாண்டவராயன். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மிலிட்டரி என்று கேளுங்கள். மானாம்பதி ரோட்டில் ஓடுகிற எந்த பஸ் கண்டக்டரும் என் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்.

சடையப்பன் செத்த விஷயமாக வந்திருக்கிறேன். ஏரி மதகுக்குள் சேறு எடுக்க நுழைந்து, தண்ணீர் புகுந்து செத்தானே, அவன்தான். விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. ஆனால் ரோமாபுரியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். பயப்படாதீர்கள், நான் வளவளவென்று பேசுகிறவன் இல்லை.

எங்கள் மெஸ்ஸில் ஒரு மேஜர் இருந்தார். சாப்பாட்டு மேசையில் சின்ன ஆபீசர்களுக்கு ரோமானியர்கள் தோற்ற கதைகளாகவே சொல்லுவார். ஜெயித்த கதை பக்கம் போகவே மாட்டார். சூப் வந்தால் ஹானிபால். கறி வந்தால், நம்பின வழிகாட்டி காட்டுக்குள் கூட்டிப்போய்க் கழுத்தறுத்ததில் மூன்று பெரும் படை அழிந்த கதை. நான் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டேன். ரிட்டயர் ஆகி வந்த பிறகு அதையெல்லாம் கங்கம்மாள் டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன். ரோமாபுரியை அடிக்க ஹானிபால் பனிமலை தாண்டிக் கூட்டிப்போன யானை முப்பத்தேழு என்று மேஜர் சொன்னார். நம் ஊருக்கு அது காணாது என்று நான் முன்னூறு ஆக்கினேன். மழை பிடித்துக் கடையில் கூட்டம் சேர்ந்தால் ஐந்நூறு வரைக்கும் போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கணவாய்க் கதை. ரோமானியப் படை ஒரு குறுகலான மலை இடுக்குக்குள் போகிறது. அந்தக் கோடிக்குப் போனால், மரத்தை வெட்டிச் சாய்த்துப் பாறையை உருட்டி வழியை அடைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தால் நுழைந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது. மேலே சாம்னியர் என்கிற மலைநாட்டுக்காரர்கள். கத்தியே வீசாமல் மொத்தப் படையும் மாட்டிக்கொண்டது. இவர்களை என்ன செய்யலாம் என்று சாம்னியத் தலைவன் தன் கிழட்டுத் தகப்பனிடம் ஆள் அனுப்பிக் கேட்டான். ஒரு கீறல்கூட இல்லாமல் மரியாதையாக அனுப்பிவிடு என்றான் கிழவன். மகனுக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் ஒருத்தனையும் விடாமல் கொன்றுவிடு என்றான். நடுவாக ஒரு வழி இல்லையா என்று கேட்டதற்கு, நடு வழிதான் ஆபத்து, அதில் அவன் சிநேகமும் கிடைக்காது, அவன் பலமும் குறையாது என்றான். மகன் கேட்கவில்லை. ஈட்டிகளை நட்டு நுகத்தடி மாதிரி கட்டி, ரோமானியரை அரைத்துணியோடு அதன் அடியில் குனிந்து போகவைத்து ஊருக்கு அனுப்பினான். குனிந்து போனவர்கள் பிற்பாடு திரும்பி வந்தார்கள். சாம்னியர் என்று ஒரு ஜனத்தை இன்றைக்கு நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா ஐயா?

இனி நம் ஊருக்கு வருகிறேன். போன மாசியில் நவரைப் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. ஏரியில் எருமை படுத்தால் முதுகு நனையாத அளவுக்குத்தான் தண்ணீர். முறை வைத்துத்தான் விட்டோம். ஒரு நாள் விடிந்து பார்த்தால் சடையப்பன் கழனி மட்டும் தளதளவென்று நிற்கிறது. அவன் மறுக்கவில்லை. கதிர் வருகிற நேரம், மனசு கேட்கவில்லை, ராத்திரி மடையைத் திறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஏரிக்கரையில் ஊர் கூடியது. தலைவர் பெரியசாமி எடுத்த எடுப்பில் சொன்னார், "இன்னாத்துக்கு பேசிக்கினு? ஸ்டேசனுக்கு இட்டுக்கினு போங்க."

சடையப்பன் பெண்டாட்டி பவளம் முந்தானையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "எங்க கனகாவுக்கு இப்பதான் பேசி முடிச்சிகீது. போலீசுன்னு காதுல உழுந்தா மாப்ள வூட்ல வருவாங்களா? இந்த ஒரு வாட்டி உட்டுடுங்க சாமி."

பாதிப் பேர் விடலாம் என்றார்கள், பாதிப் பேர் விடக்கூடாது என்றார்கள். நான்தான் எழுந்தேன். "ரெண்டும் வாணாம். நுகத்தடிக்கு அடியில உட்டு அனுப்புங்க" என்றேன்.

"ரோமாபுரியிலயும் ஏரித் தண்ணி திருடுனாங்களா மிலிட்டரி?" என்றான் இருசப்பன்.

"திருடாம இன்னா. ஏரியையே சுருட்டிக்கினு போனானுங்க."

ஊர் சிரித்த சிரிப்பில் கரைமேல் இருந்த கொக்கெல்லாம் வந்தவாசிக்குப் பறந்துவிட்டது. இரண்டு கம்பு நட்டு, இருசப்பன் வண்டி நுகத்தடியை இடுப்பு உயரத்துக்குக் கட்டினார்கள். சடையப்பன் சட்டையைக் கழற்றினான். வேட்டியையும் அவிழ்த்துவிட்டுக் கோவணத்தோடு நின்றான். அந்த நேரம் பார்த்து அவன் பெண் கனகா கூழ் எடுத்துக்கொண்டு கரையேறி வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து உள்ளே போய் அந்தப் பக்கம் நிமிர்ந்தான். என்னைப் பார்த்து, "அவ்ளோதானே?" என்றான்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிழவன் எதைச் செய்யாதே என்றானோ, அதை அப்படியே செய்திருக்கிறேன். அவனுக்கு அவமானத்தைக் கொடுத்தேன், கையையும் காலையும் அவனிடமே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அவன் ஒரு பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் காயை வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வெட்டிப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஆடு கொழுத்ததுதான் மிச்சம். சில விஷம் மெதுவாக வேலை செய்யும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை வெளுத்துக் கட்டியது. ஏரி நிரம்பிக் கடல் மாதிரி கிடந்தது. அதே சமயம் சடையப்பன் கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து ஒரு குட்டைக் கடப்பாரைக்கு முனை அடித்துக்கொண்டிருந்தான். நான் அந்த வழியாகப் போனால் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அடுத்த வாரம் வாலாஜாபாத்திலிருந்து வருகிற பஸ்ஸில் அவன் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான். மடியில் புதுக் கயிறு.

"இன்னா சடையப்பா, கயிறு எதுக்கு?"

"ஒரு ஆளு எடை தாங்கணும் நைனா, அதான் பாத்து வாங்கனேன்." கயிற்றை என் தொடைமேல் வைத்தான். "இஸ்து பாருங்க. உங்கள மாதிரி ஆளக்கூட தாங்கும்."

இழுத்துப் பார்த்தேன். தாங்கும்தான்.

"நைனாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் அடுத்தபடியாக.

ஊர் வருவதற்கு முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தே வந்தேன். அப்போது பிடித்த சளி மார்கழி வரைக்கும் போகவில்லை.

மார்கழியில் விஷயம் முற்றியது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகு வழியாக ஒழுங்காக இறங்கவில்லை. எங்கள் மதகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏரிக்குள்ளே ஒரு கல்மேடை, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மரக்கட்டை அடைப்பு. கட்டையைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் இருக்கும் கல் சுரங்கத்தில் புகுந்து அந்தப் பக்கம் வாய்க்காலில் விழும். அந்தச் சுரங்கத்தில் மழை கொண்டுவந்த முள்ளும் சேறும் அடைத்துக்கொண்டது. யாராவது வாய்க்கால் பக்கமிருந்து ஊர்ந்து போய் எடுக்கவேண்டும். யாரும் முன்வரவில்லை. டீக்கடையில் சடையப்பன் எழுந்து, "நான் பூர்றேன்" என்றான். "ஊரு தண்ணிய திருடனவன் நான். நானே எடுத்து உடறேன். பவளம் கயிறு புடிச்சிக்கட்டும். மேல கட்டையாண்ட, அது எழும்பாம பாத்துக்க, மிலிட்டரி நைனா மட்டும் நிக்கணும். வேற யாரும் வாணாம்."

எல்லோரும் ஆகா என்றார்கள். ஏன் நான்? ஒரு ஆள் நிற்கிற மேடை, சுற்றிலும் ஆழம், கரையிலிருந்து அதற்குப் போக ஒற்றைக் கல்பலகை. குறுகலான இடத்துக்கு என்னைக் கூட்டிப்போகிறான் ஐயா. காட்டுக்குள் கூட்டிப்போனவனும் முந்தின நாள்வரை ரோமானியத் தளபதியோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவன்தான்.

போகாமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். போனேன். காலையிலேயே பனி மூடியிருந்தது. ஊர் மொத்தமும் கரைமேல் நின்று வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழைவதற்கு முன்னால் சடையப்பன் அந்தக் கல்பலகையில் நடந்து என்னிடம் வந்தான். கையில் அந்தக் கடப்பாரை. எனக்குப் பின்னால் போக இடமில்லை.

கட்டையைக் காலால் அழுத்திப் பார்த்தான். "நல்லா கெட்டியா கீது" என்றான். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் நைனா. வூட்டாண்ட வந்தேன், வாய் வரல. அன்னிக்கி போலீசுக்கு போயிருந்தா என் பொண்ணு கல்யாணம் நின்னு பூட்டிருக்கும். குனிஞ்சி போனதோட பூட்சி. தை மாசம் கல்யாணம். நீங்கதான் காப்பாத்தனீங்க. சமையலும் நீங்கதான் பாத்துக்கணும்" என்றான். சிரித்தான்.

போனான். அந்தப் பக்கம் அவன் நுழைந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் மதகின் வாய் இடுப்பு உயரம்தான், குனிந்துதான் போயிருக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் கரைக்கு அடியிலிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று கல்லுக்குள்ளே நெருங்கிக்கொண்டே வந்தது. மேடை அதிர்வது கால் வழியாக மேலேறியது. பிறகு என் பாதத்துக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டது.

"நைனா, கீறீங்களா?" என்று கேட்டான். குரல் கல்லுக்குள்ளேயிருந்து வந்தது.

"இருக்கேன்" என்றேன்.

கட்டையைத் தூக்கினேன்.

சாதாரணமாக இரண்டு ஆள் தூக்குகிற கட்டை. அன்றைக்கு எனக்குப் பூசணிக்காய் மாதிரி வந்தது. தூக்கி ஏரிக்குள் போட்டுவிட்டு, கட்டை பிய்த்துக்கொண்டது என்று கத்தினேன். நானே குதித்து அதைத் தேடினேன், நீச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். கயிறு அறுந்துபோகவில்லை. அவன் சொன்ன மாதிரியே ஒரு ஆள் எடையைத் தாங்கியது. பவளமும் ஆறு பேரும் சேர்ந்து இழுத்தபோது அவன் வந்தான்.

மார்கழிப் பனியில் ஏரிக்குள் குதித்தேன் என்று ஊர் எனக்குச் சால்வை போட்டது. பவளம் என் காலில் விழுந்தாள். உங்கள் ஏட்டு, கட்டை உளுத்திருந்தது என்று எழுதிக்கொண்டு போனார். அதுதான் ஐயா எனக்குப் பொறுக்கவில்லை. அது கருவேலங்கட்டை, என் காலத்துக்குப் பிறகும் நிற்கும். அறுபத்தைந்திலும் எழுபத்தொன்றிலும் சண்டை நடந்தபோது நான் ஜபல்பூரில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஆயுசில் நான் நின்று பார்த்த ஒரே போர் இதுதான். இரண்டு பக்கமும் வழி அடைத்து, எதிரியை இடுக்கில் வைத்து, கிழவன் சொன்னதை ஒழுங்காகச் செய்து ஜெயித்திருக்கிறேன். அதைப் போய் ஒரு உளுத்த கட்டையின் பேரில் எழுதினால் எப்படி?

மழை தொடங்கியபோதே அடைப்பைப் பார்த்துவிட்டான், கயிறு மதகுக்குத்தான் வாங்கினான், கடப்பாரை மதகுக்குத்தான் அடித்தான் என்று டீக்கடையில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஒரு ஏரிக்கரையில் ஹானிபால் படையோடு ஒளிந்திருந்தபோது, ரோமானியர் கண்ணுக்கும் அங்கே பனிமூட்டம் மட்டும்தான் தெரிந்தது. ஊர் நடுவில், பெற்ற பெண் பார்க்கக் கோவணத்தோடு குனியவைத்தவனுக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? கல்யாணச் சமையலுக்குக் கூப்பிடுவானா? நன்றாக யோசித்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த சிரிப்பு அது. நான் மட்டும் அன்றைக்கு முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால், இன்றைக்கு இந்த பெஞ்சில் உட்கார்ந்து இந்த இஞ்சி டீயைக் குடித்துக்கொண்டிருப்பது அவனாகத்தான் இருக்கும். அவன் என்ன சொன்னாலும் நீங்களும் நம்பியிருப்பீர்கள் ஐயா. அவ்வளவு நல்ல முகம் அவனுக்கு.