எடுத்திட்டன்

வெள்ளைக் கட்டைகளை வெயில் படாமல் வைக்கவேண்டும், ஐயா. பட்டால் ஒரு வருடத்துக்குள் பழுப்பு ஏறிவிடும், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. நேற்று உங்கள் பொலிஸ்காரர் என் பெட்டியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்திருப்பதைக் கண்டேன். அதைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் கீழே எழுதுகிறேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஓரிடத்தில் "சின்னப் பிள்ளைகள் விளையாடும் சாமான்" என்று வந்தது. என் பெயர் பஸ்ரியாம்பிள்ளை, வயது அறுபத்துமூன்று. முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் கடிதம் பிரித்தவன். விளையாடித் திரிகிற ஆள் இல்லை.

ஓய்வு பெற்ற வருடம் மகள் பிரேமினி டென்மார்க்கிலிருந்து முதல் பொதியை அனுப்பினாள். அங்கே பழைய சாமான் சந்தையில், ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற இந்தப் பிளாஸ்டிக் கட்டைகளை நிறுத்து விற்பார்களாம். நாய் கடித்தது, பெயின்ற் பட்டது, எல்லாம் கலந்துதான் வரும். நான் வாளியில் போட்டுக் கழுவி, நிழலில் பாய் விரித்துக் காயவைத்து, நிறமும் பருமனும் பார்த்து லாச்சி லாச்சியாகப் பிரித்தேன். இழுத்துத் திறக்கிற நாற்பத்தெட்டு லாச்சி உள்ள அலுமாரியை அதற்கென்றே செய்வித்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் இடம் உண்டு, வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். மனிதரோடு முப்பத்தொரு வருடம் மாரடித்தவனுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் உங்களுக்கு விளங்குமோ தெரியாது.

மூன்று வருடத்தில் எங்கள் நெடுந்தீவின் மாவலித்துறையை அந்தக் கட்டைகளால் கட்டினேன். இறங்குதுறை, கல்வேலிகள், வேலிக்கு அந்தப்பக்கம் இரண்டு குதிரைகள், துறையில் கட்டியிருக்கும் பயணிகள் படகு. படகை மட்டும் ஏழு தரம் கழற்றித் திரும்பக் கட்டியிருக்கிறேன். ஞாயிறு பூசை முடிய ஆட்கள் பார்க்க வருவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம். நெடுந்தீவையே ஒருவன் மேசையில் வைத்துவிட்டான் என்று பாதிரியார் சொன்னார். எனக்கு அது பெரிய சந்தோசம்.

படகின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. அதற்கென்று மிளகளவில் கண்ணாடிபோல் ஒளி போகிற ஒரு பொட்டுக் கட்டை. பொதிகள் இருபதுக்கு மேல் வந்தும் அப்படி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை தொடங்கும் கண்காட்சிக்கு என் துறையை எடுப்பதாகக் கடிதமும் வந்துவிட்டது. புதன்கிழமை காலை பார்த்தால் பொட்டைக் காணவில்லை.

என் மனைவி மாக்கிறேற்றைச் சந்தேகித்தது சும்மா இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நத்தாருக்கு யேசுபாலன் குடில் கட்டியபோது, மாடு தண்ணீர் குடிக்கத் தொட்டி இல்லையென்று என் நீலக் கட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டாள். பிரசங்கத்தின்போது முன்வரிசையில் இருந்து நான் அதைக் கண்டேன். பூசை முடியும்வரை பொறுத்திருந்தது என் பெருந்தன்மை. வீட்டுக்கு வந்து கேட்டதற்குச் சிரித்தாள்.

"பாலனுக்குத்தானே குடுத்தனான். ஒரு துண்டுக்கு இந்தப் பாடோ?"

ஒரு துண்டு! அதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து லாச்சிகளுக்குக் குறுக்கே நூல் ஒட்டினேன். அவள் கோயிலுக்குப் புறப்படும்போது கைப்பையை மேசையில் கொட்டிக் காட்டச் சொன்னேன். முதல் இரண்டு தரம் அழுதாள். பிறகு நான் சொல்லாமலே கொட்டிக் காட்டப் பழகிக்கொண்டாள்.

இந்தமுறையும் எடுத்தவுடன் அவளில் பழி போடவில்லை. முறைப்படி யோசித்தேன். பக்கத்து வீட்டுப் பிலோமினம்மா திங்கட்கிழமை வந்தவர், வாசலோடு நின்று கதைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு ஒருவரும் வரவில்லை. நூல்கள் அறுபடவில்லை. ஆகவே வீட்டுக்குள் இருக்கிற ஆள். வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் நான்.

புதன் முழுதும் தேடினேன். தையல்பெட்டி, செபமாலைப் பை, மிளகாய்த்தூள் போத்தல் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். அவளுடைய தலையணையைப் பிரித்துப் பஞ்சுக்குள்ளும் கைவிட்டுத் தடவினேன். வியாழக்கிழமை அவள் குசினிக்குள் அடுப்படியில் நின்று பிரேமினியோடு போனில் கதைப்பது கேட்டது. "அப்பாவுக்கு விசர் முத்திப்போச்சு பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். அந்தப் போனை வாங்கிக் கடைசி லாச்சியில் வைத்துப் பூட்டினேன். கண்காட்சி முடியும்வரைதான். வீட்டுக்கு ஒரு போன் போதும், என்னுடையது என் சட்டைப்பையில் இருந்தது.

இனி வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டரை இருக்கும். குசினியிலிருந்து வந்து கதிரையில் இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சீனி வருத்தமும் பிரஷரும் அவளுக்கு முதலே இருந்தன.

"நெஞ்சுக்க இறுக்குது. ஆசுப்பத்திரிக்கு எடுங்கோ."

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கவேண்டும். ஐயா மலையகத்து ஆள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் ஒருவருக்குப் போன் பண்ணுவதையும் 'எடுக்கிறது' என்றுதான் சொல்வோம். களவாக எடுப்பதும் எடுக்கிறதுதான். தொலைந்ததைக் கண்டு கையில் தூக்குவதும் எடுக்கிறதுதான். பிழை அந்தச் சொல்லில்தான் தொடங்கியது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது பொட்டைத் தவிர வேறு நினைவில்லை. நோய் வந்த ஆள் பொய் சொல்லாது என்றும் ஓர் எண்ணம். முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு முன்னால் இருந்தேன்.

"நீர் எடுத்தனீரோ?"

"நான் என்னெண்டு எடுக்கிறது? அது உங்களிட்டத்தானே இருக்கு."

அவள் போனைச் சொன்னாள். எனக்கோ, எடுத்ததையும் எடுத்துவிட்டு என் தலையில் கட்டப்பார்க்கிறாள் என்று பட்டது. ஆகவே ஓர் ஒழுங்கு சொன்னேன். பொட்டு இருக்கும் இடத்தைச் சொன்னால் ஆசுப்பத்திரிக்கு எடுப்பேன். மூன்று தரம் சொன்னேன், மூன்று தரமும் ஆறுதலாகத்தான் சொன்னேன். பிலோமினம்மாவை விசாரித்துப் பாருங்கள், எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் கேட்டிருக்காது.

"மாதாவாணை உங்கட துண்டை நான் காணேல்லை" என்றாள். "எனக்கு ஏலாமல் கிடக்கு. எடுங்கோப்பா."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூன்று இருபதுக்கு வந்த அழைப்பைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அது படகுக்காரன் றஜீபன். காலைப் படகில் என் பெட்டிக்கு இடம் ஒதுக்கவேண்டும், எவ்வளவு நீளம் என்று கேட்டான். நாலடி என்றேன். "மாமி என்ன செய்யிறா?" என்றும் கேட்டான். "படுத்திருக்கிறா" என்றேன். அது உண்மை. அப்போது அவள் நிலத்தில் பாயில் படுத்திருந்தாள். பாயை விரித்துக் கொடுத்தது நான்தான். தலையணையைத் தைக்க நேரமில்லாதபடியால் பஞ்சை உள்ளே தள்ளி அப்படியே தலைக்கு வைத்தேன்.

நாலு மணிபோல மேசைக்குப் போனேன். படகின் கூரைக் கட்டை ஒன்றைக் கழற்றித் திருப்பியபோது, அதன் அடிக்குழிக்குள் பொட்டு இறுகிப்போய் இருந்தது. செவ்வாய்க்கிழமை தூசு துடைக்கக் கழற்றித் திரும்பப் பூட்டும்போது நானே அதற்குள் அழுத்தியிருக்கிறேன். ஊசியால் கிளப்பினேன். அந்தச் சந்தோசத்தை எழுத எனக்குத் தெரியாது, ஐயா. பிழையை ஒப்புக்கொள்ளப் பயந்தவனும் இல்லை. அவளுக்குக் காட்டுவோம் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனேன்.

காலடிச் சத்தத்துக்குக் கண் திறந்தாள்.

"எடுத்திட்டீங்களோ?"

"எடுத்திட்டன்."

இது பொய் இல்லை. பொட்டு என் கையில் இருந்தது. நீதவானுக்கு முன்னாலும் இதைத்தான் சொல்வேன். அந்த நேரம் எடுத்திருந்தாலும் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆசுப்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிடத் தூரம். எனக்கு அது தெரியாது என்று நான் எழுதலாம், எழுதவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. என் பதிலைக் கேட்டதும் மாக்கிறேற்றின் முகம் தெளிந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் கையைத் தொட்டாள்.

"அப்ப வருவினம். படலையைத் திறந்து விடுங்கோ."

நான் முற்றத்துக்குப் போய், வாசல் படலையை அகலத் திறந்து, காற்றுக்கு மூடாமல் ஒரு கல்லும் வைத்துவிட்டு வந்தேன். ஒருவரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசி நேரத்தில், கேட்டதைச் செய்யாத புருசன் என்று அவள் என்னை நினைத்துவிடக் கூடாதே.