மூன்றாவது பேக்கப்

வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள். நான், மாரிசெல்வம், வயது இருபத்தொன்பது. என் அண்ணன் வானமாமலை, முப்பத்தாறு. மலைப்பாம்பு முட்டைகள், ஏழு. கீழ்வீட்டு மதீனா பீவி இரண்டு முறை மேலே வந்தார். இரண்டையும் சேர்த்தால் கால் மணி நேரம்கூட இருக்காது. வேறு யாரும் இல்லை.

முட்டைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்றால் அடித்துவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறேன். என் இந்தி தெருவுக்குப் போதும், இதற்குப் போதாது. மாதுங்காவிலிருந்து ஒருவரை வரவழைத்துப் படிக்கச் சொல்வதாகச் சொன்னீர்கள். அவருக்குக் குழப்பம் இல்லாமல் வரிசையாகவே எழுதுகிறேன்.

மூன்று வருடம் நவி மும்பையில் சான்பாடா பக்கம் ஒரு டேட்டா சென்டரில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பேட்டரி அறையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பதுதான் வேலை. அங்கே ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கரண்ட் போனது எதிர்முனையில் இருக்கிற மெஷினுக்குத் தெரியவே கூடாது. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. ஒருநாள் ஷிப்டுக்குக் கிளம்பினேன். வடாலாவில் ரயில் மாற வேண்டும். மாறவில்லை. அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. அதற்கு முன்னால் டிப்ளமோவையும் இப்படித்தான் பாதியில் விட்டேன். தொடங்கிய எதையும் நான் முடித்ததில்லை. இதை நீங்கள் விசாரித்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

செம்பூரில் ஒருவர் வெளிநாட்டு மலைப்பாம்பு வளர்க்கிறார். அது போட்ட முட்டைகளைப் பொரித்துத் தரும் வேலையை என்னிடம் கொடுத்தார். தெர்மோகோல் பெட்டி, அடியில் சூடேற்றும் பாய், சூட்டை நிறுத்திவைக்கும் ஒரு சின்னக் கருவி. இதுதான் இன்குபேட்டர். நானே செய்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முட்டைகள் இருக்கும். முப்பத்தொன்றரை டிகிரி, ஏறக்குறைய அறுபது நாள். கோழி முட்டை மாதிரி திருப்பக் கூடாது, உருட்டக் கூடாது. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அது மேலேயே இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். காலையும் மாலையும் டிகிரியைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து பார்த்துவிட்டு, "பாம்புக்கு ஆயா வேல பாக்குதியாலே? சம்பளம் உண்டா, சோறு மட்டுந்தானா?" என்பான். அவன் தோல்பை பட்டறையில் கட்டிங் மாஸ்டர். வீட்டுச் செலவு முழுவதும் அவனுடையது.

நாற்பத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை மதியம், தெருமுனை மின்பெட்டிக்குள் மழைத்தண்ணீர் ஏறியது. எங்கள் சந்து முழுவதற்கும் லைனை நிறுத்திவிட்டார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை.

முதல் பேக்கப் இன்வெர்ட்டர். ஒன்பது மணி நேரம் தாங்கியது. இரண்டாவது வெந்நீர் பாட்டில்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை காலை கேஸ் தீர்ந்தது. முழங்கால் தண்ணீரில் சிலிண்டர் கொண்டு வர ஆள் இல்லை. மழையில் அறையின் சூடு இருபத்தேழு. டப்பாவின் சூடு இருபத்தொன்பதே முக்கால், இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குத் திங்கட்கிழமை முதலே காய்ச்சல். பட்டறையிலிருந்து அந்தத் தண்ணீரில் நடந்து வந்திருந்தான். தெருவில் இருக்கும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அப்படியும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். அந்த மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், நோயை இறக்காது என்றும் அவரே சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன் காலை மாத்திரையைப் பிரித்துக் கையில் எடுத்துவிட்டேன். அவன் தலையைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்துக்குக் கீழே கை வைத்தேன். அந்த வீட்டில் அவ்வளவு சூடாக வேறு எதுவும் இல்லை. மாத்திரையைத் திரும்ப அட்டையிலேயே செருகி, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டப்பாவை எடுத்து அவன் வயிற்றை ஒட்டி வைத்து, இரண்டுக்கும் சேர்த்துக் கம்பளியைப் போர்த்தினேன்.

"என்னலே அது?"

"முட்ட. கரண்ட் வர வரைக்கும் ஒன் பக்கத்துல இருக்கட்டும்."

அவன் சிரித்தான். "என்னைய அடகாக்கச் சொல்லுதியா? என்னப் பாத்தா கோழி மாதிரியாலே இருக்கு?"

"பொரளாத. உருளக் கூடாது."

"சரி, வையி. பொரிஞ்சா எம் பேரத்தான் வைக்கணும்."

அதற்குப் பிறகு அவன் புரளவே இல்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோதும் இரண்டு முழங்கால்களையும் மடக்கி டப்பாவை அசையாமல் பிடித்துக்கொண்டான். அவனைப் பற்றி இதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் முப்பத்தொன்று. மதியம் முப்பத்தொன்றரை. வெந்நீர் பாட்டிலில் கிடைக்காத ஒரே சீரான சூடு. அரை மணிக்கு ஒரு முறை பார்த்து எழுதினேன். அவனைக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். மாத்திரை கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றேன். "கரண்ட் வந்துட்டாலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இல்லை என்றேன். அது உண்மைதான். ஊரில் இருக்கும் அவன் மனைவி, என் மதினி, அவன் போனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சார்ஜ் வீணாகிறதே என்று அணைத்து வைத்தேன்.

மதீனா பீவி புதன் மதியம் கஞ்சி கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். வியாழன் காலை மறுபடி வந்தார். கம்பளியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன தம்பி இது, காய்ச்சக்காரன இப்பிடிப் பொதிஞ்சு வச்சிருக்க?"

"குளிருதுன்னான் சாச்சி."

நெற்றியில் கை வைத்தார். "யா அல்லா, அடுப்பு மாதிரில்ல கொதிக்கி. மாத்திர குடுத்தியா இல்லியா?"

"இப்பந்தான் குடுத்தேன்."

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு மதீனா பீவியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். சின்ன வயதிலிருந்தே என்னை அவன் யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை. அதுவாக இருக்கலாம்.

"நான் காசிம அனுப்புதேன். ஹாத்காடில படுக்க வச்சு, மேல தார்ப்பாயப் போட்டுத் தள்ளிட்டுப் போயிருவான். மெயின் ரோட்டுல தண்ணி வடிஞ்சிட்டு. ஆஸ்பத்திரில சேத்துருவோம்."

"டாக்டரு வாரேன்னு சொல்லிருக்காரு சாச்சி."

"இந்தத் தண்ணில எந்த டாக்டருப்பா வீடு தேடி வாரான்?" என்றார். ஈரத்துணியால் அவன் உடம்பைத் துடைக்கப் போனார். நான் துடைக்கிறேன் என்று துணியை வாங்கிக்கொண்டு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். கதவை உள்ளே தாழிட்டேன்.

பதினோரு மணிக்கு அவர் மகன் காசிம் வந்து தட்டினான். பத்துப் பன்னிரண்டு முறை தட்டியிருப்பான். "ஓ பாய், சோ கயா க்யா?" தூங்கிவிட்டாயா என்று இந்தியில் கத்தினான். நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணனும் முழித்துக்கொண்டுதான் இருந்தான். கூப்பிட வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கைவண்டி கீழே ஒரு சுவரில் இடிபட்டுத் திரும்பிப் போவது கேட்டது.

மதியம் இரண்டு மணிக்கு டப்பா முப்பத்தொன்று. மூன்றுக்கு முப்பது. கம்பளி விலகியிருக்கும் என்று நினைத்தேன். விலகவில்லை. அவன் கையை எடுத்து டப்பாவைச் சுற்றிப் போட்டேன். கை நிற்காமல் நழுவியது. மறுபடி எடுத்துப் போட்டு, நழுவாமல் தலையணையை முட்டுக் கொடுத்தேன். நான்கு மணிக்கு இருபத்தொன்பது. அப்போதுதான் அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

டப்பாவை வெளியே எடுத்து என் வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. அதனால் பெரிதாகப் பயன் இல்லை. ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. முட்டைகளை இன்குபேட்டருக்கு மாற்றினேன். டிகிரி சரியாகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு, கீழே போய் மதீனா பீவியிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. என் சட்டைப் பையில் கை விட்டு அந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். மாத்திரை ஏழு இருந்தது.

நேற்று நீங்கள் கூட்டி வந்த கால்நடை மருத்துவர், இருபத்தேழு டிகிரியில் இரண்டு நாள் கிடந்தாலும் அந்த முட்டைகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும், பொரிப்பதுதான் சில நாள் தள்ளிப்போயிருக்கும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அதிர்ந்து போவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு அது தெரியும். முதல் வாரத்திலேயே படித்துவிட்டேன். ஆனால் பெரும்பாலும் என்றுதான் போட்டிருந்தது.

அண்ணன் மேல் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. வேலையை விட்டு வந்த பிறகு இத்தனை வருடத்தில், எப்போது வேலைக்குப் போகப்போகிறாய் என்று அவன் ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

மாத்திரையைக் கொடுக்கவில்லை. காசிமுக்குக் கதவைத் திறக்கவில்லை. இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் உங்கள் தாளில் இல்லை. அன்று என்னை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது உங்கள் கான்ஸ்டபிள் மெயின் சுவிட்சை அணைத்தார். வேண்டாம், உள்ளே உயிர் இருக்கிறது என்று இந்தியில் சொன்னேன். மராத்தியில் சொன்னேன். படியில் நின்றுகொண்டு தமிழிலும் சொன்னேன். உயிரை உள்ளே வைத்துவிட்டு ஒரு மனிதனால் எப்படி அப்படித் திரும்ப முடிகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் என்னை முன்னால் இறங்கச் சொல்லி, கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.