கூரைக்கு அப்புறம் ஏறலாம், தம்பி

இல்ல, நான் கேக்கறேன், கணப்பைக் கட்டி வெச்சுட்டு ஜன்னலையெல்லாம் தொறந்து போட்டு நடுங்கறதுக்கா இவ்வளவு செலவு பண்ணேன்? நீங்களே சொல்லுங்க தம்பி! மூட்டின உடனே ஹால் பூரா புகை. எங்க வீட்டுக்காரர் வித்தோல்ட் எதிர்ல உக்காந்திருக்கார், குரல்தான் வருது, ஆளைக் காணோம்! வாங்க, உள்ள வாங்க. பூட்ஸ் கழட்ட வேணாம். ஒரு நிமிஷம்... புகைபோக்கி சுத்தம் பண்றவரைப் பார்த்தா பொத்தானைப் பிடிக்கணும்ல, அப்பதான அதிர்ஷ்டம்? இந்தக் காலத்து உடுப்புல பொத்தான் எங்க இருக்கு, எல்லாம் ஜிப்பு. ஆங்... தலகாணி உறையில ஒண்ணு இருக்கு. பிடிச்சாச்சு!

நாளைக்கு வார்சாவிலேர்ந்து விருந்தாளிங்க வராங்க. குளிர்காலத்துல நம்ம விடுதிக்கு யார் வருவா? ஏரி உறைஞ்சு கெடக்கு. எல்லாரும் இந்தக் கணப்புப் படத்தைப் பார்த்துட்டுத்தான் வராங்க. புகைபோக்கியைப் பார்த்து நீங்க 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் திரும்ப மூட்ட முடியும். அதனால நல்ல வார்த்தையா சொல்லுங்க... என்ன, ஏணியா? ஏணி எதுக்கு இப்ப! கூரைக்கு அப்புறம் ஏறலாம் தம்பி. உக்காருங்க, டீ கொதிக்குது.

எங்க மாமியார் காலத்துல இதே எடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? பச்சை ஓடு பதிச்ச பெரிய அடுப்பு, கூரையைத் தொடற மாதிரி. இரும்புக் கதவைச் சாத்திட்டா உள்ள தீ இருக்கா இல்லையான்னே தெரியாது. தீயைப் பார்க்கணும்னு அப்ப யாருக்குத் தோணிச்சு? முதுகை வெச்சா சுடணும், அவ்வளவுதான். காளான் காயும், சாக்ஸ் காயும், பூனை மேல படுத்துத் தூங்கும். இப்ப பாருங்க, முதுகைப் பத்தி யாருக்கும் கவலையில்ல, எல்லாம் கண்ணுக்கு!

அதை இடிச்சுட்டு எங்க வீட்டுக்காரர், வயல்ல கெடந்த கல்லையெல்லாம் பொறுக்கியாந்து திறந்த கணப்பு ஒண்ணு கட்டினார். வளைவு என்ன, மேல காட்டுப்பன்னித் தலை என்ன! பெரிய பிரபுன்னு நெனப்பு. சூடெல்லாம் நேரா வானத்துக்குப் போகும். மூஞ்சி வேகும், முதுகு வெறைக்கும். விருந்தாளிங்க கம்பியில மாட்டின கோழி மாதிரி திரும்பித் திரும்பி நிப்பாங்க! அப்புறம் கட்டை தூக்கச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு, தீ மாதிரி வேஷம் காட்டற கரண்டுப் பெட்டி ஒண்ணு வாங்கி உள்ள வெச்சோம். ஆரஞ்சு பல்பு, படபடன்னு ஆடற துணி. வார்சா பொம்பள ஒருத்தி குனிஞ்சு பார்த்துட்டு, மீன்தொட்டின்னு நெனச்சு "மீனெல்லாம் எங்க?"ன்னு கேட்டாளே! எனக்கு மானமே போச்சு.

அப்பத்தான் என் தங்கச்சி பையன் ஓல்கியெர்ட் வந்தான். வீட்டு உள் அலங்காரம் படிச்சவன். "பெரியம்மா, இப்பல்லாம் கணப்புங்கறது சுவத்துல ஒரு ஓவியம்"னான். இதோ பாருங்க, அவன் கட்டினது, மூணு பக்கம் கண்ணாடி, மேல பலகை கூட கெடையாது. "கடிகாரத்தை எங்கடா வைக்கறது?"ன்னேன். எதுவும் வைக்கக் கூடாதாம், வெறுமையா இருக்கறதுதான் அழகாம். வெறுமைக்கு இவ்வளவு விலையாடா! ஆனா உண்மையைச் சொல்லணும்ல, அழகாத்தான் இருக்கு. இல்லையா? பக்கத்து விடுதி போஷேனா என்ன பண்ணிருக்கா தெரியுமா? கூரையிலேர்ந்து ஒரு கறுப்பு உருண்டையைத் தொங்க விட்டிருக்கா, அது சுத்துமாம்! உள்ள தீ, வெளிய ஊஞ்சல். இன்னொரு தினுசு, கட்டையே வேணாம், சாராயத்துல எரியுதாம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "அதைப் போய் எதுக்கு எரிக்கணும்?"ங்கறார்!

என்ன தம்பி, அந்தக் குட்டிக் கண்ணாடியை உள்ள நீட்டறீங்க? இருட்டாத் தெரியுதா? மேலேர்ந்து வெளிச்சமே வரலையா? டிசம்பர் மாசத்துல வெளிச்சத்துக்கு எங்க போறது! கட்டை ஈரமா இருக்கும். இல்லன்னா காத்து. ஏரிக் காத்து ஒரு மாதிரி தம்பி, அது... அது கீழ்நோக்கி அடிக்கும். எந்திரிக்காதீங்க! கசகசா கேக் இருக்கு, காலைல சுட்டது. சாப்பிடாமப் போனா எனக்குக் கோவம் வரும். இதோ, ஒரே நிமிஷம்... கத்தி எங்க போச்சு... நீங்க பேசவே மாட்டேங்கறீங்க, நல்ல கொணம். ஓல்கியெர்ட்டுக்கு வாய் ஓயவே ஓயாது, யார்கிட்டேர்ந்து வந்துச்சோ! இந்தாங்க, பெரிய துண்டா... தம்பி?

தம்பி!

ஐயையோ, ஏறிட்டீங்களா! அங்கயே நில்லுங்க! கை வைக்காதீங்க! அது குப்பை இல்ல, கூடு! நாரைக் கூடு! ஆமா... அடியில வண்டிச் சக்கரம் இருக்கும். தெரியும் எனக்கு. நான்தான் வைக்கச் சொன்னேன். கத்தாம கேளுங்களேன்!

அப்ப வெறும் கரண்டுப் பெட்டிதான தம்பி, புகைபோக்கி சும்மாத்தான கெடந்துச்சு? போஷேனா வீட்டுக் களஞ்சியத்து மேல நாரை கூடு கட்டிருச்சு. கோடைக்கு வர விருந்தாளிங்க எல்லாம் நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு அவ வீட்டுல போய்ப் படம் புடிக்கறாங்க! பொறுக்குமா? கூடு கட்ட வாகா புகைபோக்கி மேல சக்கரம் வெச்சேன், வந்துடுச்சு ஒரு ஜோடி. குஞ்சு கூட பொரிச்சுது. ஓல்கியெர்ட் கேக்கத்தான் கேட்டான், "பெரியம்மா, மேல சுத்தமா இருக்கா?"ன்னு. "பளபளன்னு இருக்குடா"ன்னுட்டேன். அவன் ஏறினா கலைச்சுட மாட்டானா?

என்ன? கேக்கலை, சத்தமா! மூட்டவே கூடாதா? ஒரே ஒரு சின்னக் கட்டை? ...சரி, சரி, மொறைக்காதீங்க. கம்பம் நட்டு கூட்டை அதுமேல மாத்தலாமா? அனுமதி வாங்கணுமா, வாங்கறேன். அதுங்க இப்ப ஆப்பிரிக்காவுல வெயில் காயுதுங்க. மார்ச்ல வந்து நின்னு "எங்க வீடு எங்க?"ன்னா நீங்கதான் வந்து பதில் சொல்லணும், ஆமா!

ஆனா நாளைக்கு என்ன பண்ணுவேன் தம்பி? கண்ணாடிக்கு உள்ள தீ வேணுமே... இருங்க, இருங்க! கல்லறைத் திருநாளுக்குச் சமாதியில ஏத்த வாங்கின செவப்புக் கண்ணாடி மெழுகு விளக்குங்க ரெண்டு பெட்டி மிச்சம் இருக்கு. வரிசையா உள்ள அடுக்கிட்டா? கட்டை இல்ல, புகை இல்ல, ஜொலிஜொலின்னு இருக்கும்! மெழுகுவத்தி ஏத்தறதுக்கு உங்க அனுமதி வேணாமே? இந்த வருஷம் வந்த புது பாணின்னு சொல்லிடறேன். சிரிக்காதீங்க, ஏணியைப் பிடிங்க! சிலுவை போட்ட பக்கத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வெச்சா யாருக்குத் தெரியப் போகுது?