சங்கு ஊதும்வரை அணைத்து வைத்த போன்

"ஓடுங்க! மருந்து ரூம் பத்திக்கிருச்சு!"

ஓடுகிறேன். கருவேல முள் காலில் ஏறுகிறது. செருப்பு இல்லை. பின்னால் டொம். ஒரு மூச்சு அமைதி. பிறகு படபடவென்று சரம் முழுக்க. பிறகு சத்தமே இல்லை.

புரட்டாசி. தீபாவளி சீசன். நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி. வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் ஷெட்டில் இருந்தேன். கேட் பக்கத்து வேப்பமரத்தில் சாப்பாட்டுப் பைகள் தொங்கும். என் பையைப் பறித்துக்கொண்டு ஓடினேன். போன் அதற்குள்தான்.

தங்கச்சி சுந்தரிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு கம்பெனி. எங்கள் கைக்கு செல்போன் வந்த புதிது. இரண்டும் பழசாக வாங்கியவை. பேட்டரி உப்பியிருந்தது. வீட்டிலோ பாதி நேரம் கரண்டு இருக்காது. காட்டுக்குள் போனைத் திறந்து வைத்தால் டவரைத் தேடித் தேடியே சார்ஜைக் குடித்துவிடும். அதனால் அணைத்தே வைப்போம். தீப்பெட்டிக் கம்பெனியில் மதியச் சங்கு ஊதும்போது இருவரும் திறப்போம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவருவது என்று பேசுவோம். மறுபடி அணைப்போம். கஞ்சப் பிசினாறிகள் என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும். எங்களுக்கு அதில் பெருமைதான்.

ஓடைக்கரையில் உட்கார்ந்தேன். போனைத் திறந்தேன். ஒரு கோடு சார்ஜ். சங்குக்கு முன்னால் அவள் போன் தூங்கும். கூப்பிட்டுப் பயனில்லை. பிழைத்துக்கிடக்கிறேன் என்று அவளுக்குச் சொல்ல அந்த ஒரு கோடு வேண்டும். அணைத்தேன். சங்குக்குக் காத்திருந்தேன்.

காதுக்குள் ஒரே இரைச்சல். எதிரே ஆட்கள் வாயைத் திறந்து மூடினார்கள். குரல் வரவில்லை. என் காது போய்விட்டது என்று பாழாய்ப்போன புத்திக்கு எட்டவில்லை. இரைச்சல் அடங்கட்டும், சங்கு கேட்கும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சங்கு ஊதியது. ஊருக்கே கேட்டது. எனக்குக் கேட்கவில்லை.

சுந்தரிக்குக் கேட்டது. வெடிச் சத்தத்துக்கு ஓடி வந்து எங்கள் கம்பெனி கேட்டில் நின்றிருந்தாள். போனைத் திறந்தாள். கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற மல்லிகா, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருபவள், சுந்தரி கத்தியதையும் தான் தடுத்ததையும் பிறகு எனக்குச் சொன்னாள்.

"சங்குக்கு அக்கா தெறக்காம இருக்க மாட்டா. உள்ளதான் கெடக்கா!"

"ஏ புள்ள, போகாத! இன்னும் மருந்து கெடக்கு!"

இரண்டாவது வெடியும் எனக்குக் கேட்கவில்லை. தரை அதிர்ந்தது. மடியில் போன் துள்ளியது. அவள்தான் கூப்பிடுகிறாள் என்று ஆசையோடு எடுத்துப் பார்த்தேன். அணைந்தே இருந்தது.

எத்தனை வருஷமானாலும் நெஞ்சு ஆறவில்லை. போனவற்றைச் சொல்கிறேன். மறக்காதீர்கள்.

நான்கு அறைகள். என் இடது காது; வலது மட்டும் பிறகு திரும்பியது. ஆறு உயிர். மருந்து ரூமில் ராமர், கருப்பசாமி. திரி செருகும் அறையில் பாண்டியம்மா, செல்வி, வீரலட்சுமி. ஆறாவது என் தங்கச்சி சுந்தரி. அவள் அந்தக் கம்பெனி ஆளே இல்லை. என்னைத் தேடி உள்ளே போனாள்.