கிளினிக்கோடு வந்த செருப்பு

எண்பத்தாறில் ஒரு மத்தியானம், அரூரிலிருந்து பொம்மிடி போகிற பஸ். முன் சீட்டில் இரண்டு டாக்டர்கள். மூத்தவர் பொம்மிடியில் இருக்கும் தன் கிளினிக்கை விற்கப்போகிறவர். இளையவர் அதை வாங்க வந்தவர். மேசை, கட்டில், போர்டு என்று எல்லாம் பேசி முடித்த பிறகு மூத்தவர் சொன்னார்:

“வாசல்ல கெடக்கிற பழைய செருப்பையும் நீங்க வெச்சுக்கணுங்க. அது இல்லாட்டி சனம் வராது.”

“யாரு செருப்புங்க சார்?”

“எனக்கு முன்னாடி இருந்த பெரிய டாக்டரோடதுங்க. அவரு தவறிப்போன பொறவு அவரு சம்சாரத்துகிட்டதான் கிளினிக்கை வாங்குனேன். செருப்பு வெளிய கெடந்தா டாக்டர் உள்ள இருக்காருன்னு அந்த ஊரு சனத்துக்குப் பழக்கம். மொத நாளே அதைத் தூக்கிப் போட்டேன். பத்து நாளு ஒருத்தரும் படியேறல. மறுபடி எடுத்தாந்து போட்டேன், அன்னிக்கே பெஞ்சு நெறஞ்சிருச்சு.”

இளையவர் சிரித்தார். “நல்லாத்தான ஓடுதுங்க. அப்புறம் ஏன் விக்கிறீங்க?”

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டியதும் மூத்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அந்தப் பெரிய டாக்டரு நல்ல ஒசரமான ஆளுங்க. வந்த புதுசுல ஒரு நாளு மழைக்கு அவசரமா அதை மாட்டுனேன், செருப்புக்குள்ள என் காலு நீஞ்சுச்சு. இப்ப மாட்டுனா அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது.”

“மழையிலயும் வெயில்லயும் கெடந்தா தோலு சுருங்குமுங்க சார்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். போன வாரம் என் கல்யாணத்துக்கு வாங்கிப் பொட்டியிலயே வெச்சிருந்த ஷூவை எடுத்து மாட்டிப் பாத்தேன். காலு உள்ளார போகலைங்க.”